நாலாவது இரைச்சல்

வீட்டில் ஏதோ ஒரு சத்தம் குறைந்திருந்தது. எது என்று செலீனுக்குப் பிடிபடவில்லை.

புலம்பெயர்ந்து வந்த ரொக்ஸ்பரோவில் ஹார்வி என்ற வெள்ளைக்காரக் கிழவரைப் பகலில் பராமரிப்பது அவள் வேலை. உலகப்போரில் குண்டுவீச்சு விமானத்தில் என்ஜினியராகப் பறந்த மனுஷன். விமானியின் பக்கத்தில் நின்று, நாலு என்ஜின்களின் இரைச்சலையும் காதால் அளந்து, ஒரு எண்ணெய்த் தாங்கி வற்றுமுன் அடுத்ததைத் திறந்துவிட்டவர். இப்போது கட்டிலில் கிடந்தபடி வீட்டையே விமானமாக்கி வைத்திருந்தார். நிலத்தடிப் பேஸ்மென்ற்றில் எண்ணெயில் எரியும் ஹீற்றர், பிரிட்ஜ், குசினி விசிறி, அவருடைய மூக்குக்கு ஒட்சிசன் தரும் மெஷின். நாலும் இரைந்தால்தான் அவருக்கு நிம்மதி.

"தாங்கியில் எவ்வளவு இருக்கிறது?" என்று ஓயாமல் கேட்பார்.

எண்ணெய்த் தாங்கி பேஸ்மென்ற்றில். அந்தப் படியில் கால் வைத்தாலே ஈரமண் மணக்கும். யாழ்ப்பாணத்தில் விமானம் இரையும்போதெல்லாம் பங்கருக்குள் பதுங்கிக் கிடந்தவளுக்கு அந்த மணமே போதும், கீழே இறங்கமாட்டாள். பார்க்காமலே, "ஃபுல், சேர்" என்பாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமாம். நன்றாகத்தான் பொருந்தியது, கிழவர் உடனே கண்ணை மூடிவிடுவார்.

"இண்டைக்கும் பொய்தானோ?" போனில் கணவன் அம்புறோஸ் சிரித்தான்.

"கிழவர் சுகமாய்ப் படுக்கிறார். உங்களுக்கென்ன நோகுது?"

போனை வைத்தபோதுதான் புரிந்தது. ஹீற்றர் நின்றிருந்தது.

"ஒன்று போய்விட்டது," என்றார் கிழவர், கண் திறக்காமல். "நிறைய இருக்கிறது என்றாயே?"

பிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கியது. கரண்ட் போகவில்லை, விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. பிறகு விசிறியும் நின்றது.

கடவுளே! ஆயுள் முழுக்க இரைச்சலுக்குப் பயந்தவள், இரைச்சல் நிற்கக்கூடாதென்று முதன்முதலாக மாதாவைக் கும்பிட்டாள். கிழவரின் மூச்சே அந்த நாலாவதில்தான். மெஷினைக் கட்டிப்பிடித்தாள். அவள் நெஞ்சோடு சேர்ந்து அதிர்ந்தது. திணறியது.

"நான் பாக்கயில்லை, சேர்," தமிழிலேயே கத்தினாள். "ஒருநாளும் பாக்கயில்லை!"

கிழவருக்கு விளங்கியிருந்தது.

"சொல்லியிருந்தால் அடுத்த தாங்கிக்கு மாற்றியிருப்பேனே," என்றார், மெதுவாக.

நாலாவதும் நின்றது.

மேசையில் தேநீர்க் கோப்பை தானாக நகர்ந்தது. வழுக்கிப்போய்ச் சுவரில் முட்டியது. கிழவர் கட்டில் கம்பியை இறுகப் பிடித்தார்.

செலீன் ஜன்னலைப் பார்த்தாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது.

இல்லை. கொட்டவில்லை.

மேலே போய்க்கொண்டிருந்தது.

கீழே, வெகு ஆழத்தில், ரொக்ஸ்பரோவின் தெருவிளக்குகள். ஒவ்வொன்றாகப் பெரிதாகிக்கொண்டு.