நானூற்றுப் பன்னிரண்டு கேலக்ஸிகள்

முதல் படத்தில் கணினி எண்ணியது முப்பத்தெட்டு கேலக்ஸி. பத்து நிமிடம் கழித்து அதே இடத்து வானத்தை எடுத்தால் நாற்பத்தாறு.

யஸ்னா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். பத்து நிமிடத்தில் கேலக்ஸி பிறக்காது. கூர்மையான புள்ளி என்றால் நட்சத்திரம், மங்கலான தீற்றல் என்றால் தொலைதூரத்து கேலக்ஸி. அவளும் கூட ஆராய்ச்சி செய்யும் எலிசேயோவும் ஆளுக்கு இருபதாயிரம் படங்களைக் கண்ணால் பார்த்து, பெயர் ஒட்டி, கணினிக்குப் பழக்கியது அவ்வளவுதான். அவளுடைய முனைவர் பட்டமே அந்தக் கணினியின் கையில் இருந்தது. அதனால்தான் எலிசேயோ தொலைநோக்கியில் தனக்குக் கிடைத்த மூன்று இரவுகளை அவளுக்கு விட்டுக்கொடுத்தபோது அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அட்டகாமா பாலைவனத்தின் வறண்ட காற்று கறுப்புத் திரை போட்ட ஜன்னலை உரசிக்கொண்டே இருந்தது. ஆறிப்போன கோக்கா இலைத் தேநீரின் பச்சை வாடை அறையில் தேங்கியிருந்தது. மேலே தொலைநோக்கிக் குவிமாடத்தின் இரும்பு குளிரில் சுருங்கி, யாரோ நடப்பதுபோல முனகியது.

மூன்றாவது படம். நூற்றுப் பத்து.

மதியம்தான் எலிசேயோவின் பங்கில் அறுநூறு தீற்றல்களுக்கு 'நட்சத்திரம்' என்று ஒட்டியிருந்ததைத் திருத்தி, கணினியை மறுபடி பழக்கியிருந்தாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்துச் சிரித்திருந்தாள். இப்போது தேதிகளைப் பார்த்தாள். அறுநூறும் அவன் தனியாக மலையில் இருந்த இரவுகளில் எடுத்தவை.

விடுதிக்குக் கிளம்பியிருந்தவனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"டேய், நீ ஒட்டுனதெல்லாம் குப்பைடா! கண்ணு என்ன பின்னாடியா இருக்கு?"

"திருத்திட்டியா?" சிரிப்பே இல்லை.

"பின்ன? தெரிஞ்சேவா ஒட்டுன?"

"எண்ணிக்க ஏறுறத தினம் பாக்க முடியல, ஒல்லி. நட்சத்திரம்னு சொல்லிக்கொடுத்தா கணக்குல வராதுல்ல." மூச்சு வாங்கினான். "அதுங்க தூரத்துல இருக்கறதால மங்கல் இல்ல."

தொலைநோக்கி தூரத்துக்கே குவிந்திருப்பது. ரொம்பக் கிட்டே இருப்பதும் அதில் மங்கலாகத்தான் விழும்.

"அப்புறம் எதுக்குடா என்னை இங்க உக்கார வச்ச?"

"மேல யாராச்சும் இருக்கணும். இல்லன்னா கீழ தேடி வருதுங்க."

போனில் வண்டி உறுமியது. ஜன்னல் திரையை விலக்கினாள். வெளிச்சம் படங்களைக் கெடுக்கும் என்று இந்த மலையில் ராத்திரி யாருமே முகப்பு விளக்கு போடமாட்டார்கள். ஆய்வகத்தின் இயக்குநரே இருட்டில் ஊர்ந்துதான் வருவார். சரிவில் இரண்டு விளக்குகள் முழு வெளிச்சத்தில் பறந்துகொண்டிருந்தன. இருந்த ஒரே வண்டி.

"எலிசேயோ, திரும்பி வாடா. டேய். கெஞ்சுறேன்டா."

"மன்னிச்சிரு."

நானூற்றுப் பன்னிரண்டு.

குவியத்தைக் கிட்டே இழுத்தாள். இன்னும் கிட்டே. தீற்றல்கள் சுருங்கின. ஓரங்கள் தெரிந்தன. நீள்வட்டங்கள். ஜோடி ஜோடியாக.

இன்னும் கிட்டே.

உள்ளங்கால்கள்.

வெறும் உள்ளங்கால்கள். குவிமாடத்தின் திறப்புக்கு நேர் மேலே, வானம் தெரியாமல். ஒவ்வொன்றிலும் விரல்கள் விரிந்திருந்தன, தரை தட்டுப்படப் போகும்போது விரிவதுபோல.