கைத்துணை

காலை எட்டரை மணிக்கே கல்லூரியின் குருதிக்கதவின் முன்னால் வரிசை படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. பியூலா தன் முறை வந்ததும் விரலை நீட்டினாள். ஊசி சுருக்கென்று குத்தி ஒரு சொட்டை உறிஞ்சிக்கொண்டது. ‘பியூலா. உயர் உயிர்த்தொழில்நுட்பம், ஐந்தாம் ஆண்டு. ஆய்வுப் பொருள்: இளநரை’ என்று திரையில் எழுத்து ஓடியது. பின்னால் நின்றவள் களுக்கென்று சிரித்தாள்.

சிரிக்கத்தானே செய்வார்கள். மரபணுவை வரிவரியாகப் படிக்கவும், வெட்டவும் ஒட்டவும் ஐந்து வருடம் பாடுபட்டுக் கற்றவள், தன் தலையிலிருந்த பதினாறு நரைமுடியைத் தினமும் ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவள் உடம்பில் சொல்லிக்கொள்ளும்படி வேறு கோளாறே இல்லை. இந்தப் படிப்பில் அதைவிடக் கேடு வேறு என்ன வேண்டும்?

எல்லாம் தன்செல் சட்டத்தின் கைங்கரியம். ஒரு காலத்தில் சில நிறுவனங்கள் ஏழைபாழைகளின் ரத்தத்தையும் சதையையும் எடுத்து மருந்து செய்து அவர்களுக்கே விற்றன. ஊர் கொதித்தது, கொதித்ததும் நியாயம்தான். ஆனால் வந்து சேர்ந்த சட்டம், எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகிப்போனது. படிப்போ ஆராய்ச்சியோ, எவரும் தன் செல்லைத் தவிர இன்னொருவர் செல்லைத் தொடக்கூடாது. உரியவர் சம்மதித்தாலும் கூடாது. சம்மதம் என்ற பெயரில்தானே அன்றைக்குக் கைநாட்டு வாங்கினார்கள்? சர்க்கரை உள்ளவர் சர்க்கரையைப் படிக்கலாம். ஆஸ்துமா உள்ளவர் ஆஸ்துமாவைப் படிக்கலாம். ஆரோக்கியமாகப் பிறந்து தொலைத்தவர்களுக்கு நரை, வழுக்கை, மரு.

பியூலா இளநரைக்காக இங்கே வரவில்லை. தங்கை ஜெமிமாவுக்குத் தசைத்தேய்வு. பன்னிரண்டு வயதில் நடை போனது. இப்போது இருபத்திரண்டு, போன கிறிஸ்துமஸிலிருந்து கரண்டி கையில் நிற்கவில்லை. அடுத்தது நெஞ்சு, அப்புறம் மூச்சு. இத்தனைக்கும் கோளாறு ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து. அதைத் திருத்துவது எப்படி என்று பியூலாவுக்குத் தெரியும். பாளையங்கோட்டையிலேயே அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவள் ரத்தத்தில் அந்தக் கோளாறு இல்லையே! விலக்குக் கேட்டு ஏழு மனு போட்டாள். ஏழும் முகத்தில் அடித்தாற்போலத் திரும்பி வந்தன.

ஏழாவது மனு திரும்பிய அன்று ஜெமிமா மோட்டார் வைத்த சக்கர நாற்காலியில் சமையலறைக்கு வந்தாள்.

“என் செல்லு என்னுதுதானக்கா? நானே படிப்புல சேருதேன். இடம் கெடச்சாச்சு.”

பியூலா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். “எப்பட்டி பரீட்சை எழுதுன?”

“வாயால சொன்னேன், ஆளு வச்சு எழுதுனேன். ஒனக்குச் சொல்லல. சொன்னா நீ மொகத்தத் தூக்கி வச்சிருப்ப. இப்ப ஆய்வகத்துல கைக்கு ஒரு ஆளு வேணும். அம்புட்டுத்தான்.”

மறுநாளே பியூலா பதிவாளர் தாணுலிங்கத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் விதிப்புத்தகத்தைத் திரையில் விரித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் விதியைக் கண்டால் அவருக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும்.

“கைத்துணை தாராளமா வச்சுக்கிடலாம்மா. பரீட்சைக்கு எழுத ஆள் வைக்க மாதிரிதான். ஆனா அந்த ஆளு மாணவியவிடக் கொறையாப் படிச்சிருக்கணும், பள்ளிக்கூடத்தத் தாண்டியிருக்கக்கூடாது. இல்லேன்னா அறிவு கை வழியா கசிஞ்சிரும்லா?”

“கசிஞ்சா என்ன சார் குடி முழுகிப்போவும்?”

“ஆராய்ச்சிய நீ செஞ்சதா ஆயிரும். அடுத்தாளு செல்ல நீ தொட்டதா ஆயிரும்.”

பியூலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்தவள் தொடக்கூடாதாம், தெரியாதவள் தொடலாமாம். “அப்ப என் படிப்ப ரத்து பண்ணுங்க சார். பள்ளிக்கூடம் முடிச்சதோட நிறுத்திருங்க.”

“கோட்டி பிடிச்சிருக்காம்மா ஒனக்கு? அஞ்சு வருஷம்! ஒருக்க அழிச்சா திரும்ப ஏத்த முடியாது.”

“அழிங்க.”

அழித்தார். ஐந்து வருடமும் நான்கு தட்டலில் போய்விட்டது. அவள் பெயருக்கு நேரே ‘பன்னிரண்டாம் வகுப்பு’ என்பது மட்டும் மிஞ்சியது.

ஜெமிமா அன்று முழுக்கக் கத்தித் தீர்த்தாள். “ஒன்ன யாருக்கா இப்பிடிச் செய்யச் சொன்னா? ஏதாவது ஒரு ஆளப் பிடிச்சிருக்கலாம்லா?”

“ஒன் சதைய எவ கையிலயோ குடுத்துட்டு நான் வெளிய நிக்கணுமோ? பேசாம இரு. ஆய்வகத்துல என்னைய வாய் தெறக்க விடமாட்டானுவ. அளவையும் நேரத்தையும் மட்டும் சொல்லலாம். சவம், வாயத்தான பூட்டுவானுவ? நீ தப்பாச் சொன்னா என் கை நிக்கும். கை நின்னா யோசி. நிக்கலேன்னா சரி.”

ஜெமிமா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

ஜெமிமாவின் தொடையிலிருந்து அரிசியளவு சதை எடுத்தார்கள். இருக்கிற தசையே கொஞ்சம். வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் எடுக்க மருத்துவர் சம்மதிக்கவில்லை. வளர்தட்டில் மூன்று வாரம் காத்திருந்ததில் செல்கள் பெருகித் தட்டின் அடியில் ஒட்டிப் படர்ந்தன. நொதி ஊற்றி அவற்றைத் தட்டிலிருந்து பிரித்தெடுத்தால்தான் திருத்த முடியும். அதற்கான நாள் வந்தது.

இருவரும் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார்கள். மேலே காவல்செவி பச்சையாக மினுக்கியது. அது பேச்சைக் கேட்கும், கையையும் பார்க்கும். பியூலாவின் காதில் அதன் கருவி ஒன்றைச் செருகியிருந்தார்கள்.

“பழைய திரவத்த எடுத்திரு. அப்புறம் வெறுந்தண்ணி ஊத்திக் கழுவு.”

வெறுந்தண்ணீர் பட்டால் செல்கள் ஊதி வெடித்துவிடும். பியூலாவின் கை பிப்பெட்டோடு அப்படியே நின்றது. ஜெமிமா அக்காவின் விரல்களைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

“இரு, இரு. தண்ணியில்ல. உப்புக்கரைசல்.”

கை அசைந்தது. பியூலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடி என் செல்லமே, பிடித்துக்கொண்டாயே என்று உள்ளுக்குள் கூத்தாடினாள்.

அப்போதுதான் காதுக்குள், அவளுக்கு மட்டும், அந்தக் குரல் கேட்டது. “கைத்துணைக்கு எச்சரிக்கை. காரணமற்ற தாமதம், ஐந்து நொடி. மீண்டும் நிகழ்ந்தால் மாணவியின் பதிவு நிரந்தரமாக நீக்கப்படும்.”

பியூலா பல்லைக் கடித்துக்கொண்டாள். இதை ஜெமிமாவிடம் எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தால் பதிவு போய்விடும். கண்ணைக் காட்டலாமென்றால் தங்கை கண்ணைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுவி முடிந்தது.

“இப்ப நொதிய ஊத்துக்கா. பதினஞ்சு நிமிஷம் விடணும்.”

அது தோலுக்குச் சொன்ன கணக்கு. பாவி, பக்கத்தை மாற்றிப் படித்துவிட்டாள். இந்தத் தசைச்செல்லுக்கு மூன்று நிமிடமே தாராளம். பதினைந்து நிமிடம் விட்டால் நொதி செல்களையே தின்று தீர்த்துவிடும். கையை நிறுத்தினால் பதிவு போகும், இனி எந்தக் காலத்திலும் ஜெமிமாவின் செல்லை யாராலும் தொட முடியாது. நிறுத்தாவிட்டால் ஒரு வருடம் போகும். அந்த ஒரு வருடத்தில் தங்கையின் நெஞ்சில் எவ்வளவு தசை மிச்சமிருக்குமோ, யார் கண்டது? தூ, என்ன சட்டம் இது!

பியூலா நொதியை ஊற்றினாள். கை ஒரு நொடிகூட நிற்கவில்லை.

ஜெமிமாவின் முகம் மலர்ந்தது. “நிக்கல, பாத்தியா! சரியாச் சொல்லிட்டேன்.”

பியூலா தட்டைச் சூட்டுப்பெட்டிக்குள் வைத்து மூடினாள். நேரம் ஓடத் தொடங்கியது. ஜெமிமா நாற்காலியில் சாய்ந்து, அடுத்து என்னென்ன செய்ய வேண்டும் என்று முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

“எத்தன நிமிஷம் ஆச்சுக்கா?”

நேரத்தைச் சொல்லலாம். அதற்கு அனுமதி உண்டு. கூட்டிச் சொன்னால் காவல்செவி பிடித்துவிடும்.

“நாலு,” என்றாள் பியூலா.

“அப்ப இன்னும் பதினொண்ணு,” என்று ஜெமிமா சந்தோஷமாகக் கணக்குப் போட்டாள்.