துரைக்கு ஒரு பேச்சுத்துணை

ரேடியோவின் அத்தை ஒருமுறை ஒரு குதிரைக்காகச் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்தார்.

அந்தக் குதிரைக்குத் தேங்கிய தண்ணீர் என்றால் பயம். எவ்வளவு இழுத்தாலும் தாண்டாது. அத்தை அதை இழுக்கவில்லை. புடைவையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பேருந்தில் இடம் கிடைக்காதது, செருப்பு அறுந்தது, பக்கத்து வீட்டுக்காரர் விடும் குறட்டை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேச ஆரம்பித்தார். கேட்கக் கேட்கக் குதிரைக்கு ஆவல் தாங்கவில்லை. ஒரு கால் வைத்தது, பிறகு இன்னொரு கால். கடைசியில் அத்தையின் பக்கத்தில் வந்து நின்று அவர் தலையை மோந்து பார்த்தது. குதிரையின் பயம் போனது. அத்தைக்குச் சளி பிடித்தது.

அவர் குதிரைப் பயிற்சியாளர். எல்லாரும் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இசைக்கு ஏற்ப அடி வைக்கவும், தடை தாண்டவும், முன்காலை மடக்கி வணங்கவும் குதிரைகளைப் பழக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் கையில் சாட்டையை யாரும் பார்த்ததில்லை. கேட்டால், “அதான் வாய் இருக்கே” என்பார். குதிரைகளோடு மனிதர்களையும் பழக்கினார். அவரிடம் கற்றவர்கள் பல ஊர்களில் சொந்தமாக லாயம் வைத்திருந்தார்கள்.

ரேடியோ என்பது ஒரு பெண்ணின் பட்டப்பெயர். வயது பத்து. வகுப்பில் அவளை எங்கே உட்கார வைத்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் காது வலித்ததால் வந்த பெயர். அவளுடைய அப்பா மாஸ்டரின் தம்பி. அதே லாயத்தில் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். பள்ளி விட்டதும் அவள் நேரே அங்கேதான் போவாள்.

மழைக்காலத்தில் அத்தை காய்ச்சலில் படுத்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு லாயமே மாறிவிட்டது. வேலை செய்பவர்கள் பூனைபோல நடந்தார்கள். பேசினால் காதுக்குள் பேசினார்கள். வாளியைக்கூடச் சத்தம் வராமல் கீழே வைத்தார்கள். மாஸ்டருக்கு மரியாதை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அத்தை கடைசியாகப் பழக்கிய வெள்ளைக் குதிரையின் பெயர் துரை. நடை, பார்வை எல்லாம் துரை மாதிரி இருக்கும் என்று அத்தை வைத்த பெயர். இப்போது அது பின்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது. தீனியில் பாதியை மிச்சம் வைத்தது. சேணத்தை எடுத்து வந்தால் காதைப் பின்னால் மடித்துக்கொண்டது. கால்நடை மருத்துவர் வந்து வாய், வயிறு, குளம்பு எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிப் போனார்.

மாஸ்டரின் மூத்த மாணவரான நெட்டையண்ணன்தான் இப்போது பயிற்சியாளர். பொறுமையானவர், ஆனால் பேச்சு வராதவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். துரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பார். அவர் கண் கலங்கும். துரை இன்னும் கொஞ்சம் சுவரை ஒட்டிக்கொள்ளும்.

ஒருநாள் லாயத்தின் மேலாளர் வந்து பார்த்தார். அந்த வருடக் குதிரைக் காட்சியை மாஸ்டரின் நினைவாக நடத்தப்போகிறார்கள். மாஸ்டரின் சேணத்தைச் சுமந்துகொண்டு துரை முதலில் வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குள் துரை சரியாகாவிட்டால், மலையடிவாரத்தில் இருக்கும் பண்ணைக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

“அங்கே நல்லாத்தான் பார்த்துப்பாங்க. இப்படிச் சுவரைப் பார்த்துக்கிட்டே நின்னா கால் வீங்கிடும். பாவம் இல்லையா?” என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. ரேடியோவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அத்தையும் இல்லை, துரையும் இல்லை என்றால் அது என்ன லாயம்?

மறுநாள் பள்ளியில் அவளுக்குக் கணக்குப் பரீட்சை. பக்கத்துப் பையன் பென்சில் கேட்டான், கொடுத்தாள். பேசியதாகச் சொல்லி ஆசிரியர் அவளை எழுப்பி நிற்க வைத்துவிட்டார். அப்பாவிடம் சொல்லலாம் என்று ஓடி வந்தால், அவர் உதட்டில் விரலை வைத்துச் சத்தம் கூடாது என்றார். ரேடியோவுக்கு அழுகை முட்டியது. துரையின் கொட்டடிக்குப் போய், கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

“பென்சில் கேட்டது அவன். வாயைத் திறந்தது அவன். நிக்க வெச்சது மட்டும் என்னையா?” என்று சுவரைப் பார்த்து நின்ற குதிரையின் வாலிடம் கேட்டாள். “இது நியாயமா, நீயே சொல்லு.”

துரையின் ஒரு காது மெல்லப் பின்பக்கம் திரும்பியது.

ரேடியோ அதைப் பார்த்துவிட்டாள். பேச்சை நிறுத்தாமல் தொடர்ந்தாள். பென்சில் பையனின் மூக்கு எப்படி இருக்கும், அவன் எப்படி ஓடுவான், ஒருநாள் எப்படிச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தான், எல்லாம் சொன்னாள். இன்னொரு காதும் திரும்பியது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் துரையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அழுத முகத்தோடுதான் வந்தார்கள். யாரும் அதனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலை முதல் மாலை வரை பேச்சு கேட்டு வளர்ந்த குதிரைக்கு, எல்லாரும் ஒரே நாளில் ஊமையாகிவிட்டது எப்படி இருந்திருக்கும்?

அதன் பிறகு ரேடியோ தினமும் வந்து பேசினாள். துரை முதலில் கழுத்தைத் திருப்பியது. சில நாட்களில் உடம்பையும் திருப்பியது. வீட்டுப்பாடத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கொட்டாவி விட்டது. ஒருநாள் நெட்டையண்ணன் சேணத்தோடு வந்து ரேடியோவைப் பார்த்தார். அவள் பேசிக்கொண்டே இருக்க, அவர் சேணத்தைப் போட்டுக் கட்டினார். துரை மறுக்கவில்லை. அண்ணனின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

காட்சி நாள் வந்தது. மாஸ்டரின் மாணவர்கள் பல ஊர்களிலிருந்து வந்து, மைதானத்தைச் சுற்றி வரிசையாக நின்றார்கள். நெட்டையண்ணன் கடிவாளத்தைப் பிடித்துத் துரையை வாசலுக்கு நடத்தி வந்தார். ஒலிபெருக்கியில் ஒரு குரல், மாஸ்டரின் குதிரை ஒரு சுற்று முடிக்கும்வரை அனைவரும் எழுந்து நின்று மௌனம் காக்கும்படி கேட்டுக்கொண்டது.

எல்லாரும் எழுந்தார்கள். இருமல் சத்தம்கூட இல்லை.

துரை வாசலிலேயே நின்றுவிட்டது. காதுகள் மடிந்தன. தோல் நடுங்கியது. நெட்டையண்ணன் மெல்ல இழுத்தார். துரை பின்னால் போனது. மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பார்வையாளர்களின் முதல் வரிசையில் அப்பாவோடு நின்ற ரேடியோவுக்குக் காரணம் தெரியும். ஆனால் இவ்வளவு பேர் மௌனமாக நிற்கும்போது எப்படிப் பேசுவது? அத்தைக்கு மரியாதை இல்லாத பெண் என்று நினைத்துவிட்டால்? அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் துரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிடித்திருந்த அவள் கையை விட்டார்.

ரேடியோ இறங்கி ஓடினாள். யாரோ முதுகுக்குப் பின்னால் “உஷ்” என்றார்கள். அவள் துரையின் பக்கத்தில் போய் நின்றாள். பேச எவ்வளவோ இருந்தும், அந்த நேரம் பார்த்து ஒன்றும் வாயில் வரவில்லை. பென்சில் பையன்கூட நினைவுக்கு வரவில்லை. நெஞ்சுக்குள் இருந்தது ஒன்றுதான்.

“துரை, அத்தை இனிமே வரமாட்டாங்க” என்றாள். “உன்கிட்ட யாருமே சொல்லலை, இல்ல? என்கிட்டயும் யாரும் சரியாச் சொல்லலை. எனக்கும் தினமும் அவங்க ஞாபகம் வருது. நீ நட. நான் கூடவே வரேன்.”

துரை தலையைத் தாழ்த்தி அவள் தோளில் மூச்சு விட்டது. பிறகு ஓர் அடி எடுத்து வைத்தது.

ரேடியோ பேசிக்கொண்டே நடந்தாள். அந்த மௌனத்தில் அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது. மாணவர்கள் வரிசையில் முதலில் நின்ற குண்டு அக்கா, தூர ஊர் ஒன்றில் இப்போது பெரிய பயிற்சியாளர். துரை அருகில் வந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

“முதுகை நிமிர்த்து, துரை. மாவு மூட்டை மாதிரி வராதே.”

அது மாஸ்டர் அவரைத் திட்டிய திட்டு. அடுத்து நின்றவர், தனக்குக் கிடைத்த திட்டைச் சொன்னார். அதற்கடுத்தவர், தடையைப் பார்த்துப் பயந்த அன்று மாஸ்டர் தன்னிடம் சொன்ன ஆறுதலைச் சொன்னார். மைதானம் முழுக்க ஆளுக்கொரு வார்த்தை. சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள், பலர் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள். துரை காதுகளை நிமிர்த்திக்கொண்டு, உண்மையான துரை மாதிரி ஒரு சுற்று வந்தது.

அப்புறம் பண்ணைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மேலாளரே இப்போது காலையில் வந்து துரையிடம் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் அலுவலகத்துக்குப் போகிறார். வாளிகள் பழையபடி ‘டமால்’ என்று விழுகின்றன.

ரேடியோ பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு, நெட்டையண்ணனும் பேசப் பழகிக்கொண்டிருக்கிறார். கால்பந்தைப் பற்றி மட்டும்தான் அவருக்குப் பேச வருகிறது. துரை பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறது.