மூன்று செகண்டு மௌனம்!

போன் அலறியது.

தேவன் உடனே எடுக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது மண்டை... நரை எட்டிப் பார்த்தால் டிவியில் பளிச்சென்று தெரியும்!

ஐந்தாவது மணியில் எடுத்தார்.

"தேவன் அண்ணேங்களா? சார்ஜன் அஸ்வான் பேசுறேன், பாலாய் போலீஸ்லேர்ந்து."

"சொல்லுங்க சார்ஜன்."

"உங்ககூட வேல செய்யிற மாயாண்டி... செமோர் பழைய தோட்டத்துத் திடல்ல செத்துக் கெடக்குறாரு அண்ணே! கமெண்ட்ரி மேடையிலேர்ந்து விழுந்துட்டாரு போல."

"ஐயோ! என்னா சொல்றீங்க!"

என்ன ஒரு நடுக்கம்... என்ன ஒரு சோகம் அந்தக் குரலில்! சாயம் பூசிய கை மட்டும் நடுங்கவே இல்லை.

நடுங்குவானேன்? அன்று காலை மாயாண்டியைத் தள்ளிவிட்டதே அந்தக் கைதான்!

ஈப்போவில் தேவனைத் தெரியாதவர் கிடையாது. ரேடியோவில் காற்பந்து, டிவியில் பூப்பந்து, ஹாக்கி, செப்பாக் தக்ராவ், கபடி... எதைக் கொடுத்தாலும் வர்ணனையில் பொளந்து கட்டுவார். எந்த விளையாட்டின் விதியும் அவருக்குத் தெரியாது, அது வேறு விஷயம். ஒருமுறை பூப்பந்து ஆட்டத்தில் 'ஆஃப்சைடு' என்று கத்தப்போனவரின் வாயைப் பொத்தியதே மாயாண்டிதான்.

இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து, யார் அடித்தான், எத்தனையாவது நிமிடம் என்று துண்டுச் சீட்டில் எழுதி எழுதி நீட்டியவர் மாயாண்டி. தேவன் வாசிப்பார். ஊர் கைதட்டும். மாலை, பொன்னாடை எல்லாம் யாருக்கு? கேட்கவும் வேண்டுமா!

செமோர் தோட்டத்தில் இப்போது ரப்பரும் இல்லை, லயத்து வீடுகளும் இல்லை. எல்லாம் செம்பனை. ஆனாலும் டவுனுக்குப் போய்விட்ட பழைய தோட்டத்து ஆட்கள் வருடா வருடம் கூடி நடத்தும் காற்பந்துக் கோப்பை மட்டும் நிற்கவில்லை. அதற்காகக் கட்டிய இரும்பு மேடையைப் பார்க்கத்தான் அன்று காலையில் இருவரும் போனார்கள். மேலே ஏறியதும் மாயாண்டி தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, கோவிச்சிக்காதீங்க. டிவிகாரங்க கூப்ட்டாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து மைக்ல என்னைய ஒக்காரச் சொல்றாங்க."

"உன்னையவா? அப்ப நானு?"

"உங்களுக்கு ரெஸ்ட் குடுக்கப் போறாங்களாம். நானும் சரின்னுட்டேன் அண்ணே."

ரெஸ்ட்டா! மைக் போய்விட்டால் தேவன் யார்? பசாரில் மீன் வாங்கும் இன்னோர் ஆள். அவ்வளவுதான்!

மாயாண்டி திடலைப் பார்க்கத் திரும்பினார்.

ஒரே தள்ளு!

மறுநாள் காலை பத்து மணி. பாலாயில், அந்தப் போலீஸ் நிலையத்தில், இன்ஸ்பெக்டர் புஷ்பலதா எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க சார்! எங்கப்பா உங்க குரலுக்கு அடிம. ஒக்காருங்க. இந்த ஃபாரத்த ஒரு தடவ பாத்துட்டு சைன் வாங்கிக்கிறேன்."

தேவன் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். நேற்று வீட்டைவிட்டே வெளியே போகவில்லை... இந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டும். அடுத்த மாதம் மைக் அவருக்குத்தான்!

புஷ்பலதா ஃபாரத்தில் குனிந்தார்.

அறையில் சத்தமில்லை.

ஒரு செகண்டு... இரண்டு... மூன்று!

ரேடியோவில் மூன்று செகண்டு சத்தமில்லாமல் போனால் புரொடியூசர் கதவை உடைத்துக்கொண்டு வந்துவிடுவார். வானத்தைப் பேசு, புல்லைப் பேசு, சும்மா மட்டும் இருந்து தொலைக்காதே! முப்பது வருடப் பழக்கம். தேவனுக்குத் தொண்டை அரித்தது.

"நேத்து நல்ல வெயிலு..."

புஷ்பலதாவின் விரல் ஃபாரத்தில் வரிவரியாக நகர்ந்தது.

"திடல்ல புல்லுகூட சுத்தமா வெட்டிருந்தாங்க. மேடதான் கொஞ்சம் ஆட்டம்."

மூலையில் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்த அஸ்வான் நிமிர்ந்தார்.

"நேத்து நீங்க அங்க போனீங்களா அண்ணே?"

போச்சு! உளறிவிட்டாய் தேவா! உளறினால் அதன்மேல் இன்னும் பத்து வார்த்தையைக் கொட்டி மூடு... அதுவும் தொழிலில் படித்த பாடம்தான்.

"போனேன்... வந்து, கீழதான் நின்னேன். இல்ல, நானும் ஏறுனேன். ஆனா மாயாண்டி என் பக்கம் திரும்பவே இல்ல..."

புஷ்பலதா அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அந்த மௌனம்! ஐயோ, அந்தப் பாழாய்ப்போன மௌனம்! தேவனின் கை தானாக நீண்டு மேசைமேல் இருந்த தண்ணீர் போத்தலை மைக் மாதிரி பிடித்தது.

"மாயாண்டி ஓரத்தில் நிற்கிறார்... பின்னால் தேவன்! நெருங்குகிறார் நேயர்களே, நெருங்குகிறார்... தள்ளிவிட்டார்! தள்ளியே விட்டார்! இதோ மாயாண்டி கீழே... தலை கல்லில்! ஆட்டம் முடிந்தது!"

துண்டுச் சீட்டு இல்லாமல், ஒரு பிழைகூட இல்லாமல் தேவன் தன் வாழ்நாளில் செய்த ஒரே வர்ணனை!

அஸ்வான் எழுந்து கதவை அடைத்து நின்றார். தேவனுக்கு வேர்த்துக் கொட்டியது. சாயம் நெற்றியில் கருப்பாக வழிந்தது.

"எப்பலேர்ந்து என்மேல சந்தேகம்? அதுக்குத்தான பேசாம ஒக்காந்து என்னையப் பேச வெச்சீங்க?"

புஷ்பலதா விழித்தார்.

"சந்தேகமா? கால் வழுக்கி விழுந்துட்டாருன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு சார்! கேஸ மூட ஒரு சைன் வாங்கத்தான் வரச் சொன்னேன்."

"அப்ப... ஏன்மா பேசாம இருந்தீங்க?"

"நாலு பக்க ஃபாரம் சார். படிக்க வேணாமா?"

தேவன் மறுபடி வாயைத் திறந்தார். புஷ்பலதா கையை உயர்த்தித் தடுத்தார்.

"இருங்க சார். சட்டப்படி ஒண்ணு சொல்லியாகணும். வாயத் தொறக்காம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு... ஆனா உங்களால முடியுமா லா?"