தலைகீழாகப் பிடித்த பலகை

கனடாவின் சாஸ்கட்ச்வான் மாகாணத்தில், டன்வார் ஊரிலிருந்து ரெஜைனா நகர மைதானத்துக்கு ஒன்றேகால் மணி நேரப் பயணம். ஜூன் மாதம் கனடியக் கால்பந்தாட்டப் பருவம் தொடங்கிவிட்டால், பாதி ஊர் மேவிஸ் அத்தையின் பழைய மஞ்சள் பேருந்தில் ஏறிவிடும். பச்சை உடுத்தாதவருக்கு அதில் இடம் கிடையாது. ஒருமுறை பாதிரியார் கறுப்பு அங்கியோடு வந்து நின்றார். அவர் கழுத்தில் ஒரு பச்சைத் துண்டைச் சுற்றிய பிறகுதான் மேவிஸ் அத்தை வண்டியைக் கிளப்பினார்.

அந்த வண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. பச்சை அணியின் ஆட்டக்காரர்கள் பெயரையெல்லாம் சீட்டில் எழுதி, ஒரு பழைய தலைக்கவசத்தில் போட்டுக் குலுக்குவார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு. யார் பெயர் வருகிறதோ, பருவம் முடியும் வரை அவர் உங்கள் ஆள். அவர் பிரமாதமாக ஆடினால் வீடு திரும்பும்போது உங்களுக்கு முன் இருக்கை. சொதப்பினால் கடைசி இருக்கை. அது சரியாகப் பின்சக்கரத்துக்கு மேலே இருப்பதால், சாலையில் உள்ள பள்ளம் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் தெரியும்.

பத்து வயது டாரியா கண்ணை இறுக மூடிக்கொண்டு தலைக்கவசத்துக்குள் கையை விட்டாள்.

"எல்டன் வீப்" என்று படித்தாள். "யாரு இவரு?"

வண்டியே சிரித்தது.

"பின்வீச்சுக்காரர்!" என்றான் ட்ரெண்ட். பன்னிரண்டு வயதுக்காரன், பக்கத்துப் பண்ணைப் பையன். அணித் தலைவரின் பெயரே வந்த சீட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்தான். "குனிஞ்சு நின்னு, ரெண்டு காலுக்கு நடுவுல பந்தைப் பின்னாடி எறிவாரே, அவருதான். அவரு பேர யாருக்குமே தெரியாது. உனக்கு ஏத்த ஆளுதான்!"

டாரியாவுக்கு அழுகை முட்டியது. அப்பா ஒரெஸ்ட் அவள் தோளைத் தட்டினார்.

"இங்க பாரு கண்ணு. மூணு வாய்ப்புல பத்து கஜம் முன்னேறணும். ரெண்டு வாய்ப்பு வீணாப் போனா, மூணாவதுல பந்தைத் தூரமா உதைச்சுத் தள்ளிரணும். இல்லன்னா ஆபத்து. உதைக்கிறவரு பதினஞ்சு கஜம் பின்னாடி நிப்பாரு. அவரு கைக்குப் பந்து போய்ச் சேரணும்ல? அதுதான் உன் ஆளோட வேலை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நீ செஞ்சு பாரு, அப்புறம் சொல்லு."

மறுநாள் டாரியா களத்துமேட்டில் செய்து பார்த்தாள். குனிந்து, கால்களுக்கு நடுவே அந்த முட்டை வடிவப் பந்தை எறிந்தாள். முதல் பந்து அவள் வயிற்றிலேயே பட்டது. இரண்டாவது கோழிக்கூட்டுக்குள் போனது. மூன்றாவது எறிந்தபோது அவளே குட்டிக்கரணம் அடித்து விழுந்தாள்.

"அப்பா, இது ரொம்பக் கஷ்டம்ப்பா!" என்றாள், தலையிலிருந்த வைக்கோலைத் தட்டியபடி. அன்றைக்கே எல்டன் வீப் மேல் அவளுக்கு மரியாதை வந்துவிட்டது.

அதன் பிறகு அவருடைய எறிதல் ஒவ்வொன்றையும் எண்ணத் தொடங்கினாள். மைதானத்தில் ஆட்டம் என்றால் நோட்டில் ஒரு கோடு. வெளியூரில் ஆட்டம் என்றால், அறுவடை இயந்திரத்தில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வானொலி கேட்டபடி கண்ணாடியில் சாக்பீஸால் ஒரு கோடு. சிவப்புப் பருப்பு அறுவடை நடந்துகொண்டிருந்தது. நீங்கள் இன்று சாப்பிட்ட பருப்பு அந்த வயலில் விளைந்ததாகக்கூட இருக்கலாம்.

வானொலிக்காரர் வீப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. "உதைக்கிறார்!" என்று மட்டும் கத்துவார். உதைத்தார் என்றால் பந்து ஒழுங்காக வந்து சேர்ந்தது என்றுதானே அர்த்தம்? டாரியா ஒரு கோடு போடுவாள்.

அப்புறம் வந்தது செப்டம்பர் முதல் ஞாயிறு.

அன்றைக்கு வின்னிபெக் நீல அணியோடு ஆட்டம். சாஸ்கட்ச்வானில் பிறந்த குழந்தை அம்மா என்று சொல்வதற்கு முன்பே வின்னிபெக்காரர்களைக் கேலி செய்யப் பழகிவிடும். ஊரில் ஒரு தர்ப்பூசணி பாக்கியில்லை. எல்லாவற்றையும் குடைந்து தின்றுவிட்டு, அந்தப் பச்சை ஓடுகளைத் தலைக்கவசமாக மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அப்பா தன் பழத்தைச் சரியாகச் சுரண்டவில்லை. மைதானம் போய்ச் சேரும்வரை சாறு அவர் காதில் வழிந்துகொண்டே இருந்தது.

டன்வார்க்காரர்களின் இடம், புள்ளி எடுக்கும் கோட்டுக்குப் பின்னால், மைதானத்தின் ஓரத்தில் முதல் வரிசை. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருந்தது. பச்சை அணி ஒரே ஒரு புள்ளி முன்னிலை. ஆனால் நீலச் சட்டைக்காரர்கள் அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்து, டாரியாவின் கண்ணெதிரே பச்சை அணியின் சொந்தக் கோட்டருகிலேயே முடக்கிவிட்டார்கள். உதைத்துத் தள்ளினால் தப்பிக்கலாம்.

எல்டன் வீப் குனிந்தார். பந்தை எறிந்தார்.

அது உதைப்பவரின் தலைக்கு மேலே பறந்தது. எல்லையைத் தாண்டி உருண்டு, டாரியாவின் முன்னால் இருந்த தடுப்பில் முட்டி நின்றது. பந்து பின்பக்கம் வெளியே போனால் எதிரணிக்கு இரண்டு புள்ளிகள். அந்த ஒரு எறிதலில் பச்சை அணி ஒரு புள்ளியில் தோற்றது.

முதல்முறையாக மைதானம் முழுக்க எல்டன் வீப் பெயர் கேட்டது. ஆனால் அவரைத் திட்டித்தான் கத்தினார்கள்.

திரும்பும்போது வண்டியில் தர்ப்பூசணி ஓடுகள் இருக்கைக்கு அடியில் உருண்டன. டாரியா யாரும் சொல்வதற்கு முன்பே கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

மேவிஸ் அத்தைக்கு மனம் கேட்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தோடு பின்னால் வந்தார்.

"இதுல மிச்சச் சீட்டு நாலு கெடக்கு கண்ணு. வீப்பைத் திருப்பிப் போட்டுட்டு வேற ஒண்ணு எடுத்துக்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"எடுத்துக்கடி" என்றான் ட்ரெண்ட். "அந்த ஆளு கதை முடிஞ்சுது. இன்னொரு தப்பு பண்ணினா வீட்டுக்கு அனுப்பிருவேன்னு பயிற்சியாளரே வானொலியில சொல்லிட்டாரு."

டாரியா நோட்டைத் திறந்து கோடுகளைப் பார்த்தாள்.

"நூத்தி முப்பத்தொண்ணு சரியா எறிஞ்சிருக்காரு. ஒண்ணு தப்பு" என்றாள். "அந்த நூத்தி முப்பத்தொண்ணுக்கு நீங்க யாராவது கை தட்டினீங்களா?"

மேவிஸ் அத்தை நீட்டிய தலைக்கவசத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினார்.

"என் ஆளு என் ஆளுதான் அத்தை. சீட்டு வேணாம்."

அடுத்த ஆட்டத்தில் வீப் களத்துக்குள் வந்தபோதெல்லாம் கூட்டம் ஊளையிட்டது. அவருடைய எறிதல்களும் ஒரு மாதிரியாகிவிட்டன. ஒன்று தரையை உரசியது, ஒன்று உதைப்பவரைத் துள்ள வைத்தது. எப்படியோ பிடித்துச் சமாளித்தார்கள். வீப் தலையைத் தொங்கப் போட்டபடியே வெளியேறினார். இப்படியே பயந்து பயந்து எறிந்தால் இன்னொரு தப்பு நிச்சயம் வரும் என்று டாரியாவுக்குத் தோன்றியது. யாராவது அவரிடம் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும்.

அப்பா ஒரு பெரிய ஒட்டுப்பலகை கொடுத்தார். டாரியா பச்சைப் பெயின்டால் பெரிது பெரிதாக எழுதினாள். அடுத்த மூன்று ஆட்டங்களிலும் கை வலிக்க வலிக்கத் தூக்கிப் பிடித்தாள். எண்ணிக்கை கூடக் கூட அழித்து அழித்து எழுதினாள். வீப் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எறியும்போது அவர் முதுகு இவள் பக்கம் இருந்தது. எறிந்ததும் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டார். வெளியே போகும்போது தரையைப் பார்த்துக்கொண்டு போனார்.

அக்டோபர் கடைசியில் அப்பாவும் அவளும் களத்துமேட்டில் பந்து எறிந்துகொண்டிருந்தார்கள். டாரியாவுக்கு இப்போது நன்றாகவே எறிய வந்தது. பதினைந்து கஜம் இல்லை, ஏழு. அப்பாவுக்குப் பின்னால், தானியக் குதிரில் பலகை சாய்ந்திருந்தது.

டாரியா குனிந்தாள். கால்களுக்கு நடுவே பார்த்தாள். அப்பா தலைகீழாக நின்றார். குதிர் தலைகீழாக நின்றது. பலகையில் அவள் எழுதியிருந்த எழுத்தும் தலைகீழாக நின்றது. ஒன்றும் படிக்க முடியவில்லை.

அப்படியே எழாமல் கத்தினாள்: "அப்பா! நான் ஒரு மக்குப்பா!"

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?" என்றார் அப்பா. "என்ன விஷயம்?"

"எறியுறதுக்கு முன்னாடி அவரு என் பக்கம்தான்ப்பா பாக்குறாரு. ஆனா தலைகீழா பாக்குறாரு!"

சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். கல்கரியின் சிவப்பு அணி வந்திருந்தது. ஜெயித்தால் கோப்பைக்கான ஆட்டங்களுக்குப் போகலாம். தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பனி தூவிக்கொண்டிருந்தது. டன்வார்க்காரர்கள் கோட்டுக்கு மேல் கோட்டு, அதற்கு மேல் பச்சைச் சட்டை போட்டு, பீப்பாய்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி நிமிடம் வந்தது. பச்சை அணி ஒரே ஒரு புள்ளி முன்னிலை. பந்து மறுபடியும் அவர்களுடைய கோட்டருகில், டாரியாவுக்கு நேர் முன்னால். இரண்டு வாய்ப்பும் வீண்.

"ஐயோ, மறுபடியுமா" என்று மேவிஸ் அத்தை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

எல்டன் வீப் களத்துக்குள் ஓடிவந்தார். ஊளைச் சத்தம் கிளம்பியது. டாரியா இருக்கைமேல் ஏறி நின்று, பலகையைத் தலைகீழாகத் தூக்கினாள்.

"ஏய், பலகைய மாத்திப் புடிச்சிருக்க!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"அடியே, மானம் போகுது, நேராப் புடி!" என்று ட்ரெண்ட் அவள் சட்டையை இழுத்தான்.

"இழுக்காத! உனக்காக ஒண்ணும் எழுதல!"

"பின்ன யாருக்கு?"

"அங்க குனிஞ்சு நிக்கிறாரே, அவருக்கு!"

ட்ரெண்ட் களத்தைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். பிறகு பலகையின் ஒரு முனையைப் பிடித்தான். அவன் உயரமானவன். பலகை இன்னும் ஓர் அடி மேலே போனது.

வீப் குனிந்தார். கால்களுக்கு நடுவே அவர் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால் உதைப்பவர். அவருக்கும் பின்னால், பனித் தூவலில், பச்சை எழுத்தில் ஒரு பலகை.

193 சரி. 1 தப்பு. பரவாயில்லை!

வீப் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் அப்படியே இருந்தார். எதிரணிக்காரர்கள் உறுமினார்கள். அவர் தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது. அவர் சிரித்தார் என்று டாரியா இன்றுவரை சத்தியம் செய்வாள்.

பந்து வந்தது. நேராக, வேகமாக, உதைப்பவரின் உள்ளங்கைக்கே வந்து சேர்ந்தது. அவர் உதைத்த உதையில் பந்து மைதானத்தின் நடுவைத் தாண்டிப் போய் விழுந்தது. சிவப்பு அணியால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. மணி அடித்தது.

பச்சை அணி வென்றது! கூட்டம் உதைத்தவரின் பெயரைச் சொல்லிக் கூத்தாடியது. மேவிஸ் அத்தை பாதிரியாரைக் கட்டிப் பிடித்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். வீப் பெயரை யாரும் சொல்லவில்லை. டாரியா மட்டும் அந்த ஒரு கோட்டை நோட்டில் பெரிதாகப் போட்டாள்.

அப்போது ஒரு பெரிய உருவம் களத்தின் நடுவிலிருந்து இவர்கள் பக்கமாக ஓடிவந்தது. நூற்றுப்பத்து கிலோ ஆள். தடுப்புக்கு முன்னால் வந்து நின்றவர், கை கொடுக்கவில்லை. சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பினார். குனிந்தார். கால்களுக்கு நடுவே தலையை நீட்டிப் பலகையைச் சத்தமாகப் படித்தார். டாரியா இன்னும் அதைத் தலைகீழாகத்தான் பிடித்திருந்தாள்.

"கணக்கு தப்பு பாப்பா" என்றார் எல்டன் வீப். "இன்னிக்குப் பத்து. அதையும் சேத்துக்க. இருநூத்தி மூணு!"

"நீங்களும் எண்ணுறீங்களா?"

"முன்னாடி எல்லாம் எண்ணுவேன். செப்டம்பர்லேருந்து அந்த ஒண்ண மட்டும்தான் எண்ணிக்கிட்டிருந்தேன். இனிமே நீ எழுதுறத எண்ணிக்கிறேன்."

டாரியா பலகையோடு ஒரு குதி குதித்தாள்.

"அண்ணே, உங்க முகம் சரியாத் தெரியல!" என்று கத்தினான் ட்ரெண்ட்.

"அப்ப நீயும் குனிஞ்சு பாரு தம்பி!"

ட்ரெண்ட் திரும்பிக் குனிந்தான். அப்பா குனிந்தார். பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மேவிஸ் அத்தை முதுகைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே குனிந்தார். கொட்டும் பனியில், டன்வார் ஊரே வரிசையாகக் குனிந்து, கால்களுக்கு நடுவே எட்டிப் பார்த்து, எல்டன் வீப் என்ற பெயரைத் தொண்டை கிழியக் கத்தியது.