ரயில் நிலையத்தில் இரண்டு குழாய்கள்

அந்தத் தவறைக் கட்டைவிரல் நகத்தின் மேல் நிறுத்திவிடலாம். அவ்வளவு சின்னது. ஆனாலும் தவறு தவறுதான். செய்தவள் கலையரசி.

பெரிய காஞ்சிபுரத்தில் அவர்கள் வீட்டு முன்னறைதான் அம்மா கமலவேணியின் பட்டறை. கட்டப்போகும் வீட்டையும் கடையையும் முதலிலேயே சின்னதாகச் செய்து காட்டுவது அம்மாவின் தொழில். ஊரில் புதிதாகப் பட்டுக்கடை கட்டுகிறவர்கள்கூட, தங்கள் கடையை முதன்முதலில் அம்மாவின் மேசைமேல்தான் பார்ப்பார்கள்.

அந்தக் கோடை விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து ஒரு வேலை வந்தது. ஜான்சன் என்பவர் தன் வீட்டில் பொம்மை ரயிலுக்குப் பாதை போட்டு, அதைச் சுற்றி ஓர் ஊரையே கட்டியிருந்தார். 1955-இல் அவர் சிறுவனாக வாழ்ந்த ஊர். அதற்குத் தபால் பெட்டி, தெருவிளக்கு, பெஞ்சு எல்லாம் வேண்டுமாம். ரயில் நிலையத்துச் சுவரும், அதில் இரண்டு தண்ணீர்க் குழாய்களும் வேண்டுமாம். மங்கிப்போன பழைய படம் ஒன்றையும் அனுப்பியிருந்தார்.

"இதுல ஒரே சட்டம்தான் கலை," என்றாள் அம்மா. "அந்த வருஷத்துல இல்லாதது எதுவும் வரக்கூடாது. இருந்தது எதுவும் விட்டுப்போகக்கூடாது."

கலையரசிக்குப் பதினொரு வயது. அவள் வாய்தான் நிற்காது, கை நிற்கும். தூரிகை பிடித்தால் துளியும் நடுங்காது. அம்மாவுக்கு ஒரு கல்யாண மண்டப வேலை தலைக்குமேல் கிடந்ததால், குழாய் வேலையை மகளிடம் விட்டுவிட்டாள்.

கலையரசி படத்தை உற்றுப் பார்த்தாள். ஒரு குழாய் உயரமாக, பளபளப்பாக இருந்தது. இன்னொன்று தாழ்வாக, அழுக்கான சின்னத் தொட்டியோடு இருந்தது. இரண்டின் தலைக்கு மேலும் ஒவ்வொரு பலகை. எழுத்து அழிந்துபோயிருந்தது.

எழுத்து எதற்கு? எதற்காக இரண்டு குழாய் என்று அவள் தெருவில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒன்று நல்ல தண்ணீர். குடிக்க, சமைக்க. மற்றது உப்புத் தண்ணீர். துணி துவைக்க, வாசல் தெளிக்க.

அப்படியே செய்தாள். உயரமான குழாய்க்கு முன்னால் ஆட்களை வரிசையில் நிறுத்தினாள். தாழ்வான குழாயடியில் துணி துவைக்கும் பெண் ஒருத்தி, சிவப்புக் குடம் ஒன்று, தொட்டியில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும் நாய் ஒன்று. நாயைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். அதன் நாக்குக்கு மட்டும் அரை மணி நேரம் செலவழித்திருந்தாள்.

அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அந்தக் காலத்துல, அதுவும் அமெரிக்காவுல, ஏதுடி பிளாஸ்டிக் குடம்?"

"இரும்பு பக்கெட்டா மாத்திடறேன் மா. நாய் இருக்கட்டுமா?"

"நாய் எல்லா வருஷத்துலயும் இருக்குது. இருக்கட்டும்."

படம் எடுத்து அனுப்பினார்கள். மறுநாள் பதில் வந்தது. 'மற்றவை எல்லாம் அருமை. குழாய்கள் மட்டும் வேண்டாம். அந்தச் சுவரை வெறுமையாகவே விட்டுவிடுகிறேன்.'

"நான் என்னா மா தப்பு பண்ணேன்?" கலையரசி அந்தப் பழைய படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள்.

"இரு, பேசிப் பார்க்கறேன்," என்று அம்மா அன்று மாலையே வீடியோவில் அழைத்தாள். திரையில் நரைத்த தாடியோடு ஒரு கறுப்பினப் பெரியவர் தெரிந்தார். அம்மா ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் மெதுவாக, நெடுநேரம் பேசினார். கேட்கக் கேட்க அம்மாவின் முகம் மாறியது.

"என்னா சொல்றாரு மா?"

அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பலகைல ஒண்ணுல 'வெள்ளைக்காரங்களுக்கு'ன்னு எழுதியிருந்துச்சாம். இன்னொண்ணுல 'கறுப்பங்களுக்கு'ன்னு. நீ நாயை வெச்ச இல்ல, அதுதான் இவர் தண்ணி குடிச்ச குழாய்."

கலையரசிக்கு முகம் சுண்டிப்போனது. அரை மணி நேரம் செலவழித்த அந்த நாக்கு இப்போது அவள் கண்ணையே உறுத்தியது. "சாரி தாத்தா," என்றாள்.

அவர் தலையசைத்து ஏதோ சொன்னார். அம்மா அதைத் தமிழில் சொன்னாள். "உன்மேல தப்பு இல்லியாம். தண்ணியப் பார்த்து ரெண்டு குழாய் வெச்சா அதுல நியாயம் இருக்குது. எங்க ஊர்ல ஆளப் பார்த்து வெச்சாங்கன்றாரு. மொத்த ஊரையும் அவரே கட்டினாராம். இந்தக் குழாய்க்கு மட்டும் கை போகலியாம். அதனாலதான் நம்மகிட்ட குடுத்தாரு. லீவுக்குப் பேத்தி வராளாம். அவளுக்கு எதுக்கு இதெல்லாம், சுவர் சும்மாவே இருக்கட்டும்னு தோணிடுச்சாம்."

அழைப்பு முடிந்த பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை.

"எங்கப்பாவுக்கும் டீக்கடையில தனி கிளாஸ்தான்," என்றாள் திடீரென்று. "வெளிய கூரை ஓலையில சொருகி வெச்சிருப்பாங்களாம். குடிச்சிட்டு அவரே கழுவி, அங்கியே சொருகிட்டு வரணும்."

கலையரசி இதைக் கேட்டதே இல்லை. "டீயும் வேறயா மா?"

"டீ அதே டீதான். ஒரே பாத்திரம்."

கலையரசி ரயில் நிலையத்துப் படத்தை இழுத்து முன்னால் வைத்தாள். "அப்போ அந்த ரெண்டு குழாய்லயும் தண்ணி? அதுவும் ஒண்ணுதானா? கேளு மா."

அம்மா தயங்கித் தயங்கிச் செய்தி அனுப்பினாள். காலையில் பதில் வந்திருந்தது. ஒரு நாள் ஜான்சன் அந்தச் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தாராம். தரையிலிருந்து ஒரே ஒரு குழாய் மேலே வந்து, இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் போனதாம். எட்டு வயதுப் பையன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றானாம். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் இல்லையாம்.

"மா, அது அந்த வருஷத்துல இருந்துச்சு இல்ல?" கலையரசி குதித்து எழுந்தாள். "இருந்தது எதுவும் விட்டுப்போகக்கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"அவரே வேணாம்னுட்டாரு கலை. வலி அவரோடது. நாம வற்புறுத்தக்கூடாது."

"வற்புறுத்தல மா. செஞ்சு காட்டுவோம். வேணாம்னா நம்மகிட்டயே இருக்கட்டும். ஆனா சுவரை சும்மா விட்டா, எல்லாரும் ஒண்ணா தண்ணி குடிச்சாங்கன்னு அந்தப் பாப்பா நினைச்சிக்கும். அது பொய் இல்லியா?"

அம்மா அலமாரியைத் திறந்தாள். செம்புக் கம்பியை எடுத்துக் கொடுத்தாள்.

கலையரசி முதலில் நாயைப் பெயர்த்து எடுத்தாள். துவைக்கும் பெண்ணையும் பக்கெட்டையும் எடுத்தாள். சுவரின் பின்பக்கம் தரையிலிருந்து செம்புக் குழாய் ஒன்றை ஏற்றி, மேலே இரண்டாகப் பிரித்தாள். பக்கத்து வீட்டுத் தறியிலிருந்து வெள்ளி ஜரிகையில் ஓர் இழை வாங்கி வந்தாள். அதுதான் தண்ணீர். ஒரு குழாயின் வாயில் தொடங்கி, சுவரைத் துளைத்துப் பின்பக்கம் போய், மறு குழாயின் வாயில் வந்து விழும்படி, எங்கும் அறுக்காமல் கோத்தாள்.

கடைசியாகப் பலகைகள். முதல் பலகையை எழுதிவிட்டாள். இரண்டாவதற்கு வந்தபோது கை நடுங்கியது. வேறு யாரோ எழுதியதைத்தான் தான் திரும்ப எழுதுகிறோம் என்று தெரிந்தும் நடுங்கியது. ஜான்சன் தாத்தாவின் கை ஏன் போகவில்லை என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. தூரிகையைக் கீழே வைத்தாள். ஜன்னலருகே போய் நின்றாள். திரும்பி வந்து எழுதி முடித்தாள்.

முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இரண்டு படங்கள் போயின. அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மேலும் நோகடித்துவிட்டோமோ என்று கலையரசிக்குச் சோறு இறங்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த நாள் ஒரே ஒரு சொல் வந்தது. 'அனுப்புங்கள்.'

விடுமுறை முடியப்போகிற சமயத்தில் ஜான்சன் வீடியோவில் அழைத்தார். மேசைமேல் அவர் ஊர் விரிந்து கிடந்தது. ரயில் கூவிக்கொண்டு வந்து நிலையத்தில் நின்றது. பக்கத்தில் ஆறு வயதுப் பேத்தி, முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு, பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்ததும் அவள் சிரிப்பு நின்றது. தாத்தாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

அவர் குனிந்து, எதையும் மறைக்காமல் சொன்னார். தன் குழாய் எது என்று விரலால் தொட்டுக் காட்டினார். அவள் உதடு பிதுங்கியது.

பிறகு அவர் தரையில் கிடந்த ஸ்டூலைக் கண்ணால் காட்டினார். அவள் அதை மறுபக்கம் இழுத்துப் போட்டு ஏறினாள். சுவருக்குப் பின்னால் அவள் தலை எழுந்தது. ஒரு குழாயிலிருந்து மறு குழாய் வரைக்கும் ஜரிகை இழையை விரலால் தடவிக்கொண்டே போனாள். திரும்பவும் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு தாத்தாவிடம் சின்னதாக ஒரு கேள்வி கேட்டாள்.

ஜான்சனின் கண்கள் நிறைந்து வழிந்தன. அப்படியே சிரிக்கவும் செய்தார். பேத்தியை வாரித் தூக்கிக்கொண்டு, திரையைப் பார்த்து, "கேட்டாயா? அன்றைக்கு நான் கேட்காமல் விட்டதை இவள் கேட்டுவிட்டாள்!" என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள். "அந்தப் பாப்பா என்னா கேட்டுச்சுன்னா..."

"தெரியும் மா," என்றாள் கலையரசி. "அப்போ எதுக்கு ரெண்டு பலகைன்னு கேட்டுச்சு."