ஆறாவது கப்பலின் மழை

2136 ஜூன் 4 அன்று, சனிக்கோளின் பெரிய நிலவான டைட்டனில், கிராக்கன் கடலின் வடகரை ஊராகிய புதுமுட்டத்தில், சுற்றுலாப் பருவத்தின் ஆறாவது கப்பல் இறங்கியது. 212 பேர் வந்தனர். அன்றும் மழை இல்லை.

டைட்டனின் ஓர் ஆண்டு நமக்கு இருபத்தொன்பதரை ஆண்டு. அதில் கோடை மட்டும் ஏழு ஆண்டுக்கு மேல். வடகரைக்குச் சுற்றுலாக் கப்பல் வருவது அந்தக் கோடையில்தான். முந்தைய சீசன் 2112இல் முடிந்தது. அடுத்தது 2134இல் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் விடுதிகள் பூட்டிக் கிடந்தன. “இப்போது சீசன் இல்லை” என்று அங்கே ஒருவர் சொன்னால், அது முடிவதற்குள் ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, வேலைக்கும் போய்விடும்.

டெல்பின் அப்படிப் பிறந்தவள். வயது இருபத்து மூன்று. புதுமுட்டத்தின் மழைக் கணிப்பாளர். அவள் மழையைப் பார்த்ததில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்திலிருந்து, கடல் தெரிந்தவர்கள் என்ற காரணத்துக்காக அழைத்துவரப்பட்ட குடும்பங்கள் உண்டாக்கிய ஊர் அது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கடலில் தண்ணீர் இல்லை, உப்பு இல்லை, மீனும் இல்லை. இருந்தது திரவ மீத்தேன். குளிர், சுழியத்துக்குக் கீழே நூற்று எழுபத்தொன்பது பாகை. தண்ணீர் அங்கே பாறை. கரையில் உருளும் கூழாங்கற்கள் எல்லாம் பனிக்கட்டி. கோடையில் சூரியன் மறைவதில்லை. ஆரஞ்சு நிற மூட்டத்துக்குப் பின்னால், துணி போர்த்திய விளக்குபோல வானத்தைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். ஊர்க்காரர்கள் கடிகாரத்தில் மட்டும் இந்திய நேரத்தை வைத்துக்கொண்டார்கள்.

2112இல் முடிந்த அந்த முதல் சீசனில் வந்தவர்கள் மிகச் சிலர். பயணமே நான்கு ஆண்டு. வந்தவர்கள் ஈராண்டு தங்கினார்கள். அலையே இல்லாத அந்தக் கடலின் முன் மணிக்கணக்கில் பேசாமல் நின்றார்கள். அந்தப் பருவத்தில் மழை நான்கு முறை பெய்தது. அதைப் பார்த்த பெரியவர் ஒருவர் பூமிக்குத் திரும்பிப் பதினேழு ஆண்டுகள் உயிரோடிருந்தும், அதைப் பற்றி ஒரு வாக்கியத்துக்கு மேல் சொன்னதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இப்போது பயணம் பதினொரு மாதம். தங்குவது பன்னிரண்டு நாள். கப்பல் நிறுவனத்தின் விளம்பரம் மழையைத்தான் காட்டியது. ஐந்து கப்பல்கள் வந்து, மழை பார்க்காமல் திரும்பிவிட்டன.

புறப்படும்போது ஒவ்வொரு பயணியும் பத்துக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும். ஐந்தாம் கப்பலின் சராசரி மூன்று. ஆறாவதும் ஆறுக்குக் கீழே போனால் புதுமுட்டத்துக்குக் கப்பல் நிறுத்தப்படும், ஊர் மூடப்படும் என்று நிறுவனம் கடிதம் அனுப்பியிருந்தது. ஊரில் இருந்த அறுபத்து மூன்று பேரில் பூமியில் பிறந்தவர்கள் பூமிக்குப் போகலாம். டைட்டனில் பிறந்த ஒன்பது பேர் போக முடியாது. ஏழில் ஒரு பங்கு எடையில் வளர்ந்த எலும்பு பூமியில் எழுந்து நிற்காது. அவர்களுக்கு ஒரு சுற்றுப்பாதை மருத்துவ நிலையத்தில் படுக்கை ஒதுக்கப்பட்டிருந்தது. டெல்பினின் படுக்கை எண் 41.

எனவே அவள் கடலில் மிதக்கும் அழுத்தமானிகளை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் அவற்றின் அளவுகள் ஒருசேரச் சரியத் தொடங்கின. மூன்று முறை கணக்குப் போட்டாள். பன்னிரண்டாம் நாள் காலை, ஏழே முக்காலுக்கும் ஒன்பதுக்கும் இடையில். மழை சுமார் அரைமணி நேரந்தான் நீடிக்கும்.

சிக்கல் மழையில் இல்லை, ஆட்களில் இருந்தது. வெளியே போக வெப்பஉடையும் மூச்சுக்கவசமும் வேண்டும். அணிந்து, பொருத்துவாய்களைச் சோதித்து முடிக்க இருபது நிமிடம். ஆனால் பயணிகள் ஊரை மூடிய குவிமாடம் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். முதல் நாள் செயற்கைச் சிறகு கட்டிக்கொண்டு கடல்மேல் பறந்தவர்கள், இரண்டாம் நாள் கழுத்து வலி என்று படுத்துவிட்டார்கள். ஏற்கெனவே இருமுறை மழை மணி அடித்து, இருமுறையும் ஏமாந்ததால், மூன்றாம் முறை யாரும் எழுந்துவரப் போவதில்லை.

பயணிகள் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் சென்னியப்பன் என்ற ஈரோட்டுக்காரர். பதினொன்றாம் நாள் டெல்பின் அவரிடம் போய், மறுநாள் காலை எல்லோரையும் உடை அறைக்குப் பக்கத்தில் திரட்ட முடியுமா என்று கேட்டாள்.

“கூப்புடலாமுங்க, வருவாங்களான்னுதான் தெரியல” என்றார் அவர். “ஏனுங்க அம்மிணி, பதனோரு நாளா கப்பல் கம்பெனி குடுக்கற சோத்தைக் குழாய்ல அமுக்கி அமுக்கித் தின்னுட்டு இருக்கறோம். சட்னிகூடக் குழாய்ல வருது. ஆளுக ஒரே கடுப்புல இருக்கறாங்க. ரெண்டு இட்லி கெடைக்குதுன்னா ஓடி வந்துருவாங்க. மழைக்கு வருவாங்களான்னு என்னயக் கேக்காதீங்க.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். டெல்பின் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். நேராகப் பம்பு அறைக்குப் போனாள். அங்கே பெரியம்மா மகன் கிளீட்டஸ் ஒரு வால்வுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். எட்டு வயதில் பூமியிலிருந்து வந்தவன்.

“கிளீட்டசண்ணே, ஒனக்கு இட்லி அவிக்கத் தெரியுமா?”

“வால்வு கழட்டத் தெரியும். இட்லி என்னத்துக்கு?”

“எரநூத்திப் பன்னெண்டு பேரையும் நாளைக்கு ஏழரைக்கு ஒரே எடத்துல நிறுத்தணும். மணி அடிச்சா வரமாட்டாவ. இட்லின்னா வருவாவ.”

“எடி, மழ பெய்யல்லன்னா?”

“இட்லியாவது தின்னுட்டுப் போவாவ.”

“பெய்ஞ்சா?”

“பெய்ஞ்சா தட்ட அப்படியே வச்சிட்டு ஓடி வருவாவ. அதுக்குத்தானே பதினோரு மாசம் கப்பல்ல வந்தது.”

கிளீட்டஸ் வால்விலிருந்து தலையை எடுத்தான். “நீ அவியள அறியமாட்ட, கேட்டியா” என்றான். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டான்.

புதுமுட்டத்தின் உணவு மரவள்ளிக்கிழங்கும் சோறும். உளுந்து அங்கே விளையாது, யாரும் கேட்டதுமில்லை. உளுந்துக்கு எங்கே போவது என்று டெல்பின் திகைத்தபோது, சென்னியப்பனின் மனைவி மரகதம் அம்மாள் தம் பெட்டியைத் திறந்தார். வெப்ப உள்ளாடைகளுக்கு நடுவே ஆறு கிலோ உளுந்து இருந்தது.

“எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டாந்தேன் கண்ணு. போற எடத்துல என்ன கெடைக்குமோ, என்னமோ.”

மற்றவர்களின் பெட்டிகளும் திறந்தன. இட்லி அரிசி, வெந்தயம், துவரம்பருப்பு, மூன்று ஊர்களின் சாம்பார்ப்பொடி, பதினொரு வகை இட்லிப்பொடி, ஒருவரிடம் கல்லுரல் வடிவிலேயே ஒரு சிறு அரவை இயந்திரம். நூற்று நாற்பது கோடி கிலோமீட்டர் தூரத்துக்கு ஒவ்வொரு கிராமும் நிறுத்து அனுப்பப்பட்ட பெட்டிகள் அவை.

“மழ பாக்க வந்தவியளா, மாப்ள வீட்டுக்கு வந்தவியளா?” என்றான் கிளீட்டஸ்.

மாவு அன்று மாலை கரைக்கப்பட்டது. அதன்பின் நடந்ததை ஊரில் யாரும் எதிர்பார்க்கவில்லை. எடை குறைந்த அந்த இடத்தில், புளிக்கும் மாவின் காற்றுக்குமிழ்கள் மேலே வந்து உடைய அவசரப்படவில்லை; உள்ளேயே தங்கி மாவை உயர்த்தின. பாத்திரம் மாற்றி, தொட்டி மாற்றி, கடைசியில் பம்பு அறையில் காலியாக இருந்த குளிர்நீர்க் கலத்தில் ஊற்ற வேண்டியதாயிற்று. குவிமாடத்தின் காற்றழுத்தம் பூமியைப்போல ஒன்றரை மடங்கு. தண்ணீர் நூற்றுப் பத்துப் பாகையைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடி போடாமலே குக்கரின் வேலை நடக்கும். காலை ஏழு மணிக்குக் கிளீட்டஸ் முதல் தட்டைத் திறந்தான். ஒவ்வோர் இட்லியும் குழந்தையின் தலையணை அளவு இருந்தது. விரலால் தொட்டால் அமிழ்ந்து, எடுத்தால் நிதானமாக மூச்சு இழுப்பதுபோல மீண்டும் எழும்பியது.

ஏழரைக்கு 212 பேரும் காட்சிக் கூடத்தில் இருந்தார்கள். ஒருவரும் தாமதிக்கவில்லை. கூடத்தின் ஒரு சுவர் முழுவதும் கடலைப் பார்த்த கண்ணாடி. மறுபக்கம் உடை அறைக் கதவு. டெல்பின் திட்டமிட்டபடியே எல்லாம் இருந்தது. கிளீட்டஸ் மேடையில் நின்று இட்லியை எறிந்தான். அது இரண்டு விநாடி காற்றில் மிதந்து, தட்டில் ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்தது. கூடம் ஒரே குரலில் “ஆ!” என்றது. சாம்பார் கரண்டியிலிருந்து வளைந்து வளைந்து இறங்கியது. எல்லோரும் படம் எடுத்தார்கள். ஒரு பெரியவர் முதல் விள்ளலை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் ஈரம் தெரிந்தது.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு அழுத்தமானிகளின் அளவு அடிமட்டத்தைத் தொட்டது. டெல்பின் மணி அடித்தாள்.

“மழ வருது! எல்லாரும் உடை போடுங்க! இருபது நிமிஷந்தான் இருக்கு!”

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். “வந்தர்றோமுங்க அம்மிணி. சூடு ஆறிப்போயிரும். இந்த ஈடு முடியட்டும்.”

“ஆறுனா மறுபடி அவிச்சுத் தாறேன் ஐயா. மழ காத்து நிக்காது!”

“ரெண்டே நிமிஷம்.”

“ஆமா, போன தடவையும் இப்படித்தான் மணி அடிச்சாங்க” என்றது பின்வரிசை. “தம்பி, இந்தப் பக்கம் பொடி வரலை!”

அவள் ஒவ்வொரு வரிசையாக ஓடினாள். யாரும் மறுக்கவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள், வருகிறோம் என்றார்கள், தட்டை நீட்டினார்கள். எட்டேகாலுக்கு அவள் மட்டும் உடையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

கரையில் காற்று நின்றிருந்தது. கடல் கருப்புக் கண்ணாடியாகக் கிடந்தது. அவள் தலையை உயர்த்தியபோது, மூட்டத்தின் அடியிலிருந்து ஒரு துளி பிரிந்து வருவது கண்ணுக்குத் தெரிந்தது. அதைத் தொடர்ந்து பார்க்க நேரம் இருந்தது. அரைநெல்லி அளவு இருந்தது. ஒரு மனிதர் நடந்து வரும் வேகத்தில்தான் இறங்கியது. அவள் கையை நீட்டிக் காத்திருந்தாள்; அது வந்து சேர்ந்தது. கையுறையில் கசிந்த சூட்டில் ஒரு வெண்புகைக் கீற்றாகி மேலே போனது.

அதற்குப் பின்னால் வானம் முழுவதும் வந்தது. கோடிக்கணக்கான உருண்டைகள், ஒவ்வொன்றும் ஆரஞ்சு வானத்தைத் தலைகீழாகச் சுமந்துகொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கின. விரும்பினால் ஒரு துளிக்கும் இன்னொரு துளிக்கும் நடுவில் நடந்து போகலாம்போல இருந்தது. கடலில் விழுந்த ஒவ்வொன்றும் ஒரு கிரீடத்தை எழுப்பியது. அந்தக் கிரீடம் முழங்கால் உயரம் வளர்ந்து, நின்று, மறுபடி உள்ளே போக மனமில்லாததுபோல மெதுவாகக் கரைந்தது. அடர்ந்த குளிர்ந்த காற்றில் ஓசை கீழ்ச்சுருதியில், மிருதங்கத்தின் தொப்பி என்னும் இடப்பக்கம் எங்கோ தொலைவில் தொடர்ந்து ஒலிப்பதுபோலக் கேட்டது. காதைவிட நெஞ்செலும்பு அதை முதலில் கேட்டது. பின்னால் மலைச்சரிவில், அவள் பிறந்ததிலிருந்து வெறும் பள்ளமாகவே பார்த்துப் பழகிய ஓடைகள் பளபளக்கத் தொடங்கின. பனிக்கட்டிக் கூழாங்கற்கள் ஒன்றையொன்று தட்டிக்கொண்டு கடலை நோக்கிப் புறப்பட்டன. அவள் உடல் முழுவதிலிருந்தும் புகை எழுந்தது.

எதற்காக மழையைக் கணிக்கிறோம் என்பது அவளுக்கு அப்போது நினைவில் இல்லை. ஊர் மூடப்படுவது, படுக்கை எண், மதிப்பெண், எதுவும் இல்லை. தான் நிற்கிறோம் என்பதுகூட இல்லை.

கூடத்தில், இட்லித் தட்டுகளின் ஆவி கண்ணாடிச் சுவரை முழுக்க வெள்ளையாக்கியிருந்தது. ஒருவர் சட்டைக் கையால் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தார்.

“வெளியே என்னமோ விழுறாப்ல இருக்கே?”

“தூசியா இருக்கும். நீங்க தட்டைப் பிடிங்க, சாம்பார் ஊத்தறார்.”

மழை முப்பத்து நான்கு நிமிடம் பெய்து நின்றது.

டெல்பின் உள்ளே வந்தபோது உடையிலிருந்து இன்னும் புகை பிரிந்துகொண்டிருந்தது. 212 பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சென்னியப்பன் எழுந்து, “நின்னுபோச்சுங்களா? அடடா” என்றார். உண்மையாகவே வருந்தினார். மரகதம் அம்மாள் அவளை இழுத்துத் தம் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“மழை எப்படி இருந்துச்சு கண்ணு?”

டெல்பின் சொல்ல வாயெடுத்தாள். கடல் என்று தொடங்குவதா, அந்த முதல் துளியிலிருந்து தொடங்குவதா என்று தெரியவில்லை.

“நல்லா இருந்துச்சு அம்மா.”

“நனைஞ்சுட்டியா? தலையத் தொவட்டு மொதல்ல. சாப்புடு.”

அவள் சாப்பிட்டாள். இட்லி நன்றாகத்தான் இருந்தது. கிளீட்டஸ் மேடையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் குந்தினான். படுக்கை எண் 41 கடலைப் பார்த்த பக்கமா என்று மட்டும் அவள் அவனிடம் கேட்டாள். அங்கே கடல் இல்லை என்று அவன் சொன்னான்.

மறுநாள் கப்பல் புறப்பட்டது. மூன்று நாள் கழித்து மதிப்பெண் வந்தது. சராசரி ஒன்பது புள்ளி நான்கு. ‘மழை’ என்ற கட்டத்தில் 212 பேரும் ‘பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். ‘மறக்க முடியாத காட்சி’ என்ற கட்டத்தில் எல்லோரும் ஒரே படத்தை இணைத்திருந்தார்கள்: காற்றில் மிதக்கும் இட்லி.

புதுமுட்டம் மூடப்படவில்லை. சுற்றுப்பாதை நிலையத்தின் ஒன்பது படுக்கைகளும் ரத்தாயின. டெல்பின் ஊரிலேயே இருந்தாள். மழைக் கணிப்பாளர் என்ற பணியிடம் நீக்கப்பட்டு, அவள் காலை உணவுப் பிரிவுக்கு மாற்றப்பட்டாள். விளம்பரத்தில் கடலின் படம் ஒரு மூலைக்குப் போனது.

2137 மே மாதம் வந்த ஏழாவது கப்பலில் 430 பேர் இருந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே, இடம் போதாது என்பதால் காட்சிக் கூடத்தின் கண்ணாடிச் சுவர் எடுக்கப்பட்டு, அங்கே பாத்திரம் கழுவும் மேடை கட்டப்பட்டிருந்தது.